ஐந்தாவது சிடியில் உட்கார்ந்திருப்பவள்

வொனோகிரி,
செவ்வாய்க்கிழமை, ஐந்து நாளுக்கொரு பாகிங் சந்தை நாள்.

என்றும் வணக்கத்துக்குரிய பெரிய மச்சான் கிஸ்வந்தோ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வார்சினியின் கணவன் பர்திமான் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவன் கருணையால் இங்கே நாங்கள் இருவரும், எங்கள் சாப்பாட்டுக் கடையும், கடைக்குப் பின்னாலிருக்கும் பலா மரமும் நலம். அங்கே செமாராங்கில் தாங்களும் தங்கள் இல்லத்தரசியும் நலமாக இருக்க வேண்டுகிறோம். தங்கள் முழங்கால் வலி முற்றிலும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். முற்றிலும் ஆகாவிட்டாலும் பேருந்துப் படியில் ஏறும் அளவுக்கு ஆகியிருந்தால் போதும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனில் பேசினால் ஆகாதா என்று தாங்கள் நினைக்கலாம். பேசினேன். நீங்கள்தான், "ஹலோ, யாருங்க அது, கிணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் கிணற்றுக்குள் இல்லை மச்சான். கடையின் நடுவில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தேன். அது ஏன் உங்களுக்குக் கிணற்றுச் சத்தமாகக் கேட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அப்புறம், "உங்கள் ஐந்தாவது சிடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், உடனே வரவும்" என்று போனிலேயே எழுதி அனுப்பினேன். அதற்கு நீங்கள் கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பியிருந்தீர்கள். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. அதை யாரும் குறைக்க முடியாது.

விஷயம் ஆரம்பித்தது உங்கள் அன்பளிப்பிலிருந்து. நாங்கள் கடை திறந்த அன்று ஐந்து சிடிகள் அடங்கிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நீங்கள் மீசை வைத்திருந்த காலத்தில், கெடுங்வாரு கிராமத்துத் திருவிழாவில் விடிய விடிய நடந்த தோல்பாவைக் கூத்தை உங்கள் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து, பிற்பாடு சிடியாக்கியது. எங்கள் கடைக்கு ஜனங்கள் வருவது வார்சினியின் சோத்தோ சூப்புக்காக. ஆனால் வந்தவர்கள் இரண்டாவது டீ சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் கூத்துக்காக. இத்தனை வருஷமும் அதை ஒரு சிடி பிளேயர் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். போன மழைக்காலத்தில் பெட்டிக்குள் பல்லி புகுந்து, பல்லியும் பெட்டியும் ஒன்றாக உயிரை விட்டன. நான் தண்ணீர் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், கையில் நேரம் இருக்கிறது, ஐந்து சிடிகளையும் லேப்டாப்பில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபோல்டர் போட்டு, 'கூத்து ஒன்று', 'கூத்து இரண்டு' என்று பெயர் வைத்து, ஒரு பெரிய ஸ்பீக்கரைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏற்றி வைத்தேன். அங்கேதான் வினை. பழைய பெட்டியில் சிடி மாற்றும்போதெல்லாம் வார்சினி கையாலேயே சத்தத்தைத் திருகிச் சரிசெய்துவிடுவாள் போலிருக்கிறது. லேப்டாப் தானாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. முதல் சிடி இதமாக முடிந்தது. இரண்டாவது சிடி இடி மாதிரி ஆரம்பித்தது. ஆட்டு வியாபாரி ஜெமிங்கனை உங்களுக்குத் தெரியும், ஊரிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான், அவன் கையிலிருந்த சூப்புக் கிண்ணம் அவன் மடியிலேயே கவிழ்ந்துவிட்டது.

"கூத்துப் போடறீங்களா, குண்டு போடறீங்களா?" என்று அவன் போட்ட சத்தம் இரண்டாவது சிடியை விடப் பெரியதாக இருந்தது.

வார்சினி என்னைப் பார்த்தாள். "வேலை இல்லாத மனுஷன் வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது. ஒலியைச் சமப்படுத்துவது எப்படி என்று இணையத்தில் தேடிப் படித்தேன். படித்துப் பார்த்தால் நம் தண்ணீர் வாரிய விஷயம்தான். மேல் தெருவில் குழாய் சொட்டுகிறது, கீழ்த் தெருவில் பீறிடுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். அல்லது ஆல்பம் முழுவதையும் சேர்த்து அளந்து, உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டு, மொத்தத்தையும் தூக்கவோ இறக்கவோ செய்யலாம். நான் முதல் வழியில் போனேன். மறுநாள் மத்தியானம் கூத்தில் இளவரசி விட்ட பெருமூச்சு லாரி டயரில் காற்று இறங்குவது போலக் கேட்டது. சேனைகள் மோதிக்கொண்டது கொசு மோதிக்கொண்டது போல இருந்தது. ஜெமிங்கன் சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே போனான். இரண்டாவது வழிக்கு மாறினேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. நான் ஐந்து பெயர் வைத்திருந்ததால் லேப்டாப் அவற்றை ஐந்து தனி ஆல்பம் என்று எடுத்துக்கொண்டது. ஐந்தையும் தனித்தனியாக அளந்து, ஐந்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தது. முதல் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உங்கள் ஐந்தாவது சிடி ஆரம்பம் முதலே சத்தம் கம்மி, போகப் போக இன்னும் கம்மி, கடைசிப் போருக்கு முன்னால் பாதியிலேயே நின்றும் போய்விடும். நாங்கள் யாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. பாத்திரம் கழுவும் நேரத்தில் ஓடுகிற சிடி அது. லேப்டாப் அதைக் கீழே கிடந்த இடத்திலிருந்து அப்படியே உச்சிக்குத் தூக்கிவிட்டது.

அன்று கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஐந்தாவது சிடி ஆரம்பித்தவுடன் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். வெளியே பார்த்தேன், நல்ல வெயில். அது டேப்பின் இரைச்சல். அதற்கு அந்தப் பக்கம் வாத்தியங்கள், கூத்துக்காரரின் குரல், ஜனங்களின் இருமல். பிறகு இவையெல்லாவற்றுக்கும் முன்னால், குளிர்சாதனப் பெட்டியின் மேலே உட்கார்ந்துகொண்டு சொன்னது போல, ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"இன்னும் வரலையா?"

"இதோ வந்தாச்சு!" என்று அடுக்களையிலிருந்து வார்சினி பதில் கொடுத்து, ஆவி பறக்கும் சூப்போடு வெளியே வந்தாள். மேசைகள் காலி. நான் மட்டும் இருந்தேன். "யாருங்க கேட்டது?" என்றாள். நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். "சிடிக்கெல்லாம் சூப்பு ஊத்தற அளவுக்கு ஆயிடுச்சா என் பொழப்பு?" என்று சொல்லிவிட்டு அதை என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கூத்துப் பார்க்க வந்தவள் யாரோ ரிக்கார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதே இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதிவு என்றால் முதலில் சொன்னதையே மறுபடியும் சொல்ல வேண்டும், அதுதானே பதிவின் ஒழுக்கம்? அதே இரைச்சல், அதே இருமல், அதே இடத்தில் அவள் குரல். "டீ ஆறிப் போச்சு" என்றாள். மறுபடியும் போட்டேன். "எழுந்துக்கலாமா?" என்றாள். நான்தான் எழுந்துகொண்டேன். நேராகப் பலா மரத்தடிக்குப் போய் நின்றேன்.

மீட்டர் பார்த்தே வயதானவன் நான். ஒரு வீட்டில் கணக்கு இடித்தால் முதலில் குழாயில் ஓட்டை தேடுவேன், பேயைத் தேட மாட்டேன். தப்பு என்னுடையதுதான் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஐந்து சிடிக்கும் ஒரே ஆல்பம் பெயர் கொடுக்க வேண்டும், உள்ளே ஒன்றாவது சிடி, இரண்டாவது சிடி என்று எண் மட்டும் போட வேண்டும், பழைய அளவுகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தி மறுபடியும் அளக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஐந்தாவது சிடி தன் பழைய இடத்துக்கே இறங்கிவிடும், அந்தக் குரலும் அதோடு இறங்கி யாருக்கும் கேட்காமல் போய்விடும். அப்படியே செய்தேன். லேப்டாப் மத்தியானம் முழுக்க அளந்தது. சாயங்காலத் தொழுகை முடித்து வந்து போட்டேன். இரைச்சல் போய்விட்டது. வாத்தியங்கள் பக்கத்து ஊரில் வாசிப்பது போல ஒடுங்கிவிட்டன. கூத்துக்காரரின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. எல்லாம் நான் கணக்குப் போட்டபடியே இறங்கியிருந்தன, மச்சான். அவள் மட்டும் இறங்கவில்லை. முன்பு எந்த உயரத்தில் இருந்தாளோ அதே உயரத்தில், அதே நெருக்கத்தில் இருந்தாள்.

"குறைச்சுட்டேன்" என்றாள். "இப்ப சிவப்புல போகலை."

நான் லேப்டாப்பை மூடினேன். மூடிய பிறகு கடை அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. அடுக்களையில் வார்சினி உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை போய் வருவது தெரிந்தது. சத்தம் பஞ்சில் குத்துவது போல இருந்தது.

அடுத்த நாள் நல்ல கூட்டம். ஐந்தாவதைப் போட வேண்டாம் என்று நான்காவதோடு நிறுத்தக் காத்திருந்தேன். சந்தை நாளாச்சே, ஒருவருக்குச் சில்லறை கொடுத்துத் திரும்புவதற்குள் லேப்டாப் ஐந்துக்குப் போய்விட்டது. ஜெமிங்கன் அப்போது மேசையைத் தட்டி ஆட்டு விலை பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு உச்சத்தில் இருந்தபோது, "சிவப்புல போகுது" என்று அவள் குரல் வந்தது. அவ்வளவுதான். ஜெமிங்கனின் வாய் அசைகிறது, தாடை ஆடுகிறது, எச்சில் கூடத் தெறிக்கிறது, சத்தம் மட்டும் வற்றிக்கொண்டே போகிறது. அவன் பயந்து இன்னும் கத்தினான். கத்தக் கத்த அது இன்னும் தேய்ந்தது. மற்றவர்களும் ஆளுக்கு ஆள் ஏதோ கூவினார்கள். கூவினவர்கள் எல்லோரும் ஊமையானார்கள். ஸ்பூன் விழுந்தது, சத்தமில்லை. நாற்காலி விழுந்தது, சத்தமில்லை.

அந்த மௌனத்தில் மூலை மேசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. அது யாருடையது என்று நினைக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லாசிமினுடையது. அவன் வாழ்நாளில் யாரும் அவன் பேசிக் கேட்டதில்லை. வாய்க்குள்ளேயே முணுமுணுப்பான், விரலைக் காட்டி அப்பளம் கேட்பான். சிவப்பைத் தொடும் அளவுக்கு அவன் என்றைக்குமே பேசியதில்லையாதலால் அவனை யாரும் குறைக்கவில்லை போலிருக்கிறது.

"அது பொனியெம்" என்றான் லாசிமின். "எங்க ஊரு கெடுங்வாரு. டீக்காரம்மா பொண்ணு. குரல் வந்ததுலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் காதுல வாங்கலை." தன் குரலைத் தானே கேட்டதும் அவனுக்கு ஆச்சரியமாகிவிட்டது. கொஞ்சம் நிறுத்தி, ருசி பார்ப்பது போல இன்னொன்றும் சொன்னான். "இந்த மிளகாய்ச் சம்பல் நேத்து அரைச்சது. அதையும் சொன்னேன்."

வார்சினி கரண்டியோடு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். லாசிமின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாங்கள் சாய்ந்து உட்கார்ந்து படிக்கவும்.

"கூத்தைப் பதிவு பண்ண டவுனிலேருந்து ஒரு தம்பி வந்திருந்தார். மீசை வெச்சிருப்பார். நான் சின்னவன், பக்கத்துலயே இருந்தேன். அவருக்குப் பசி. பொனியெம் டீத் தட்டோட வந்தா. அவளை அந்த ரிக்கார்டர் பெட்டி முன்னாடி உட்கார வெச்சு, 'சத்தம் அளக்கற இந்த ஊசியைப் பார்த்துக்கிட்டே இரு. சிவப்புல போச்சுன்னா இந்தத் திருகை இப்படிக் குறைச்சுடு. அசையாதே, சாப்பிட்டுட்டு இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனார். அவளுக்கு ஊசியைக் கண்டா பயம். சிவப்புக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே குறைச்சுக்கிட்டே இருந்தா. அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுட்டு வைக்கோல் மேல சாஞ்சார். காலைல லாரி கிளம்பறப்போ யாரோ எழுப்பி ஏத்தி விட்டாங்க, அப்படியே போயிட்டார். டேப் ஓடி முடிஞ்சு நின்னுடுச்சு. கூத்தும் முடிஞ்சுடுச்சு. அவ ஊசியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. மத்தியானம் அவர் சிநேகிதன் ஒருத்தன் சைக்கிள்ல வந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனான். இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"அப்புறம்?" என்றாள் வார்சினி.

"அப்புறம் என்ன, டீ வித்தா. நல்ல பொண்ணுதான். ஆனா யாராவது சத்தமாப் பேசினா அவ விரல் ரெண்டும் தானா காத்துல திருகும். பசங்க எல்லாம் 'ஊசி'ன்னு கூப்பிடுவாங்க. கல்யாணம் கேட்டு வந்தவங்ககிட்ட, ஒருத்தர் உட்காரச் சொல்லிட்டுப் போயிருக்கார்னு சொல்லுவா. போன மழைக்காலத்துல காய்ச்சல்ல போயிட்டா."

வார்சினி கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த மீசைக்காரர் எங்க அண்ணன்" என்றாள். தன் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது எப்போதும் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று வரவில்லை. நான் இதைக் குற்றமாக எழுதவில்லை மச்சான். வைக்கோல் மேல் சாய்ந்தால் யாருக்கும் தூக்கம் வரும். நடந்ததை எழுதுகிறேன்.

அன்றிலிருந்து உங்கள் தங்கை குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவது சிடி முடிந்தால் மறுபடியும் ஐந்தாவது. லேப்டாப்புக்கு முன்னால் ஒரு டம்ளர் டீயும், வாழையிலையில் கொஞ்சம் சோறும் சோயாத் தெம்பே வறுவலும் வைக்கிறாள். எறும்பு விசைப்பலகைக்குள் குடும்பம் நடத்துகிறது. இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நான் காதால் கேட்டேன்.

"ஏம்மா, கால் மரத்துப் போகலையா?"

"மரத்துதான் போச்சுக்கா. அவர் அசையாதேன்னுட்டுப் போனாரே."

"இன்னுமா ஊசியைப் பார்க்கறே?"

"பார்க்கலைன்னா சிவப்புல போயிடுமேக்கா. இங்கே எல்லாருமே ரொம்பச் சத்தம்."

சிடியையே அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். "உட்கார்ந்திருக்கற பொண்ணை உட்கார்ந்த வாக்குல அழிச்சிடுவீங்களா? நீங்க மனுஷனா?" என்றாள் வார்சினி. அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கத்திச் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, என் முறையும் வந்துவிட்டது என்று. உங்களுக்குப் போன் செய்ததும் அன்றைக்குத்தான்.

இப்போது அது கடையை விட்டு வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் விடிகாலையில் சுவர் மேல் ஏறிக் கழுத்தை நீட்டுகிறது, அலகு திறக்கிறது, ஒன்றும் வருவதில்லை. சேவலுக்கே அது புரியாமல் சுற்றுமுற்றும் பார்க்கிறது. சைலன்சர் இல்லாத மோட்டார் சைக்கிளில் போகிற பையன்கள் பஞ்சு மெத்தையில் மிதப்பது போலப் போகிறார்கள். இதெல்லாம் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம், நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். நேற்று தெருவைக் கடக்கும்போது தோளில் ஏதோ உரசியது. திரும்பினால் ஒரு மண் லாரி, அதன் பக்கக் கண்ணாடி என் சட்டையில் இருக்கிறது. ஓட்டுநர் ஹாரனை உள்ளங்கையால் அழுத்தியபடியே இருக்கிறார், முகம் வெளுத்துப் போயிருக்கிறது. என்னை எவ்வளவு நேரமாக ஹாரன் அடித்துக் கூப்பிட்டாரோ, எனக்குத் தெரியாது. கடைக்குள் ஓடிப் போய், "வார்சினி! வார்சினி!" என்று கத்தினேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பீக்கரோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. முப்பது வருஷமாக நான் சொல்வதை அவள் கேட்காமல் இருந்தது வேறு மச்சான். கேட்க முடியாமல் இருப்பது வேறு. நான் அங்கேயே நின்று அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் அழுதால் யாருக்கும் கேட்காது என்பது ஒரு சௌகரியம்.

என்னால் ஆனதையும் செய்து பார்த்துவிட்டேன். இன்று காலை வார்சினி தேங்காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் சிடியைப் போட்டு, மார்பை நிமிர்த்தி, நீங்கள் பேசுவது போல மெதுவாக, சிவப்பில் போகாத குரலில், "பொனியெம், நான் வந்துட்டேன். சாப்பாடு ஆச்சு. நீ எழுந்துக்கலாம்" என்றேன். வாத்தியங்கள் நின்றன. கூத்துக்காரர் நின்றார். இருமிக்கொண்டிருந்தவர் கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பதிவில் இருந்த அத்தனை ஜனமும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அப்புறம்தான் அவள் சொன்னாள்.

"நீங்க அவர் இல்லை. அவர் மூக்கால பேசுவார்."

பிறகு வாத்தியங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. இதை நான் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. அவள் சொன்னதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

ஆகவே பெரிய மச்சான் அவர்கள் தயவுசெய்து வேறு எந்த வேலை இருந்தாலும் ஒத்திவைத்துவிட்டு, இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வர வேண்டும். லேப்டாப்பைச் சரிசெய்ய வேண்டாம், அதில் தவறில்லை. நீங்கள் எங்கள் கடைக்குள் வந்து, உங்கள் சொந்தக் குரலில், "போதும், எழுந்திரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம், ஆனால் கேட்டால் நல்லது. பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டுகிறேன், பார்த்துக்கொள்ளவும். மெத்தை விரித்து, கொசுவலை கட்டி வைத்திருக்கிறேன். முழங்காலுக்குத் தடவ இஞ்சித் தைலமும் வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்கள் இல்லத்தில் எல்லா வளமும் பெருகவும், தங்கள் கால்கள் மறுபடியும் படியேறவும், தங்கள் நிழலில் நாங்கள் நெடுங்காலம் இளைப்பாறவும் ஆண்டவனை இறைஞ்சுகிறேன். தங்கள் இல்லத்தரசிக்கு என் பணிவான வணக்கங்கள். வார்சினியும் வணக்கம் சொல்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. கேட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை கணவன்,
பர்திமான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒதுக்கிவிடவும். வர வேண்டாம். வந்துவிடாதீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறை வாங்கத் தபால் நிலையத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே ஜெமிங்கனின் குரல் சந்தையிலிருந்து கேட்டது, காது வலித்தது. ஓடி வந்தேன். வார்சினி முக்காலியை மடித்து வைத்துவிட்டுச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள், புதிதாக. "எங்கே?" என்றேன். "எங்கே போவா, அண்ணன் வீட்டுக்குத்தான்" என்றாள்.

நடந்தது இதுதான். இவள் பேச்சுவாக்கில், "அவர் இங்கே வர மாட்டாரும்மா, அவருக்கு முழங்கால் வலி, செமாராங்லதான் இருக்கார்" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண், "அப்படியா? முதல்லயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் தங்கையின் விருந்தோம்பல் உங்களுக்குத் தெரியாததல்ல. எந்தப் பேருந்து, எங்கே இறங்க வேண்டும், மசூதியைத் தாண்டி எந்தச் சந்து, பச்சைக் கதவு, அழைப்பு மணி வேலை செய்யாது, பக்கவாட்டில் தள்ளினால் திறந்துகொள்ளும், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிறகு நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டதாம். இப்போது ஐந்தாவது சிடியை நானே தலையிலிருந்து கால் வரை கேட்டுப் பார்த்துவிட்டேன். வாத்தியம், இருமல், கூத்துக்காரர், அவ்வளவுதான். ஒலிச் சமன் அற்புதமாக வேலை செய்கிறது. ஐந்து சிடியும் ஒரே ஆறாக ஓடுகின்றன.

ஆகவே தாங்கள் வீட்டிலேயே இருக்கவும். எங்கும் வெளியே போக வேண்டாம். தபாலை விடப் பேருந்து சீக்கிரம் போய்ச் சேரும் என்பதால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கலாம். முடியாதிருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். டிவியில் சத்தம் தானாகக் குறைந்துகொண்டே போனால், ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும்.